இன்சுலின் தந்த பேண்டிங்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நவம்பர் 14 என்றவுடன் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது குழந்தைகள் தின விழாதான். காலையில் நேரு மாமாவைப் பற்றிய பேச்சு, மாலையில் மாறுவேடப் போட்டி, கை நிறைய மிட்டாய்! ஆனால் அதே நவம்பர் 14, 1991-ஆம் ஆண்டு முதல் உலக நீரிழிவு நாளாகவும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. மிட்டாய் வழங்கும் நாளிலா சர்க்கரை நோய்க்கு ஒரு நாள் என்று முதலில் நான் வியந்தேன். காரணம் அறிந்தபோது வியப்பு மரியாதையாக மாறியது. நேரு பிறந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, பூமியின் மறுபக்கத்தில் ஓர் உழவர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து செய்த செயலால் இன்று எண்ணற்ற குழந்தைகள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்தான் சர் பிரெடரிக் பேண்டிங்.

பிறப்பும் கல்வியும்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் அலிஸ்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அதனருகே பண்ணை வைத்திருந்தவர் வில்லியம் தாம்சன் பேண்டிங். அவருடைய மனைவி மார்கரெட். இவர்களுடைய ஐந்து மக்களில் கடைக்குட்டியாக 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-இல் பிரெடரிக் பிறந்தார்.

பள்ளியில் அவர் முதல் மாணவர் அல்லர். எழுத்துப் பிழைகள் அவரை விடாமல் துரத்தின. மகன் சமயப் போதகராக வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. 1910-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டுத் தேர்விலேயே தோல்வியுற்றார். தோல்வி கண்டு துவளாமல், தம் மனம் விரும்பியது மருத்துவமே எனத் தெளிந்து, 1912-இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்ததும் அதே 1912-ஆம் ஆண்டில்தான். ஒருவர் படித்து முடித்த ஆண்டில் மற்றவர் படிக்கத் தொடங்கினார் என்பதை எண்ணிப் பார்க்கையில், தொலைவில் இருந்த பேண்டிங் நமக்குச் சற்று நெருங்கி வந்துவிடுகிறார் அல்லவா?

போர்க்களத்தில்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. படையில் சேரச் சென்ற பேண்டிங்கைக் கண்பார்வை குறைவு என்று திருப்பி அனுப்பினர். அவர் விடவில்லை. மீண்டும் முயன்று மருத்துவப் படைப்பிரிவில் இடம் பெற்றார். மருத்துவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் படிப்பு விரைவுபடுத்தப்பட்டு, 1916 டிசம்பரில் மருத்துவரானார். 1918-இல் பிரான்சில் காம்பிரே என்ற இடத்தில் நடந்த போரில் வெடிகுண்டுச் சிதறல் அவருடைய வலக்கையைத் துளைத்தது. அந்தக் காயத்தோடும் பல மணி நேரம் மற்ற வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வீரச் செயலுக்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் 1919-இல் வழங்கப்பட்டது.

போர் முடிந்து திரும்பியவருக்கு வாழ்க்கை எளிதாக அமையவில்லை. டொரான்டோவில் குழந்தைகள் மருத்துவமனையில் சிறிது காலம் அறுவை மருத்துவராக இருந்தார். நிரந்தர வேலை கிட்டவில்லை. 1920 ஜூலையில் ஒன்டாரியோவிலேயே உள்ள லண்டன் என்ற நகரில் சொந்தமாக மருத்துவ நிலையம் திறந்தார். வாசலைப் பார்த்துக்கொண்டே நாட்கள் கழிந்தன. முதல் மாதத்தில் அவர் ஈட்டிய தொகை வெறும் 4 டாலர்! வருவாய்க்காக அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர விளக்கவுரையாளராகவும் பணியாற்றினார். வறுமையால் ஏற்ற அந்தச் சிறு வேலைதான் உலகின் போக்கை மாற்றியது.

அந்நாளில் சர்க்கரை நோய்

பேண்டிங்கின் சாதனையை உணர, அக்காலத்தில் இந்நோய் எப்படி இருந்தது என்பதை அறிய வேண்டும்.

நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-இல் ஜெர்மானிய மாணவர் லாங்கர்ஹான்ஸ் கண்டார். நாயின் கணையத்தை அகற்றினால் அதற்குச் சர்க்கரை நோய் வருகிறது என்பதை 1889-இல் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் காட்டினர். அத்தீவுகளில் சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடலின் செல்களுக்குள் அனுப்புகிறது என்று அறிஞர்கள் ஊகித்தனர். பூட்டிய அறைக்குள் போகச் சாவி வேண்டும் அல்லவா? அதுபோல, சர்க்கரை செல்லுக்குள் நுழைய இன்சுலின் என்னும் சாவி வேண்டும்.

முதல் வகை நீரிழிவில், உடலைக் காக்க வேண்டிய காப்பு அமைப்பே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இது அதிகம் இனிப்புத் தின்றதால் வருவதன்று. பெற்றோர் செய்த தவறாலும் வருவதன்று. பெரும்பாலும் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்கும். உண்ட உணவு உடலில் சேராமல் சிறுநீரில் சர்க்கரையாக வெளியேறும். தாகம், பசி, களைப்பு, எலும்பும் தோலுமாக இளைத்தல், பிறகு மயக்கம், மரணம். நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் பிழைத்திருந்தனர்.

அமெரிக்க மருத்துவர் ஆலன் ஒரு வழி கண்டிருந்தார். அது உணவைக் குறைத்துக்கொண்டே போகும் பட்டினி வைத்தியம். நோய் குழந்தையைக் கொல்லாமல் இருக்கப் பசி குழந்தையைத் தின்றது. ஆயினும் சில குழந்தைகள் இன்சுலின் வரும் நாள்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பட்டினியால்தான்.

ஓர் இரவு

1920 அக்டோபர் 30-ஆம் நாள் இரவு. கணையத்தைப் பற்றி மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்ததால் பேண்டிங் புத்தகங்களைப் புரட்டினார். உறங்குமுன் மருத்துவ இதழ் ஒன்றில் மோசஸ் பாரன் எழுதிய கட்டுரையைப் படித்தார். கணையத்தின் குழாய் கல்லால் அடைபட்டபோது, செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிப் போயிற்று. தீவுகள் மட்டும் கெடாமல் இருந்தன என்று அதில் கண்டிருந்தது.

பேண்டிங்குக்குத் தூக்கம் போயிற்று. அதுவரை கணையத்தை அரைத்துச் சாறு எடுத்தவர்கள் தோற்றதற்குக் காரணம், செரிமான நீர் அந்த மருந்துப் பொருளை அழித்துவிடுவதே என்று அவர் எண்ணினார். குழாயைக் கட்டிவிட்டுக் காத்திருந்தால் தீவுகளின் சாறு மட்டும் கிடைக்குமே! நள்ளிரவு தாண்டி எழுந்து, சில வரிகளில் குறிப்பு எழுதி வைத்தார். அந்தக் குறிப்பில் நோயின் பெயரையே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்! எழுத்துப் பிழை குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. பிழைக்குப் பயந்து யாரும் சிந்திப்பதை நிறுத்திவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கோடைக்கால உழைப்பு

டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லவுட்டை 1920 நவம்பரில் சந்தித்துத் தம் எண்ணத்தை எடுத்துரைத்தார் பேண்டிங். மெக்லவுட் இத்துறையில் பேரறிஞர். ஆராய்ச்சி அனுபவமே இல்லாத இளைஞரிடம் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. எனினும் ஆய்வுக்கூடமும், பத்து நாய்களும், உதவிக்கு ஒரு மாணவரும் தந்தார். அந்த மாணவர் 22 வயது சார்லஸ் பெஸ்ட். உதவிக்கு இருந்த இரு மாணவரில் முதலில் யார் வேலை செய்வது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததில் பெஸ்ட்டுக்கு வாய்ப்பு விழுந்தது.

1921 மே 17-இல் பணி தொடங்கியது. கடுங்கோடை, பேண்டிங்குக்கு ஊதியம் கிடையாது. பல நாய்கள் இறந்தன. ஜூலை 30-இல் கணையம் அகற்றப்பட்ட நாய் ஒன்றுக்குச் சாற்றை ஊசி வழியே செலுத்தியபோது, இரத்தச் சர்க்கரை இறங்கியது! மார்ஜரி என்று பெயரிடப்பட்ட நாய், கணையமே இல்லாமல் இந்தச் சாற்றினால் மட்டும் சுமார் 70 நாட்கள் வாழ்ந்தது. மனிதக் குழந்தைகள் பிழைக்க வாயில்லா உயிர்கள் கொடுத்த விலையையும் நாம் மறக்கலாகாது.

1921 டிசம்பரில் உயிர்வேதியியல் அறிஞர் காலிப், சாற்றைத் தூய்மைப்படுத்தும் பணியில் சேர்ந்தார்.

முதல் ஊசியும் இரண்டாவது ஊசியும்

லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் டொரான்டோ பொது மருத்துவமனையில் சாகும் நிலையில் கிடந்தான். அவன் எடை 30 கிலோகூட இல்லை. 1922 ஜனவரி 11-இல் அவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பலன் போதவில்லை. சாற்றில் இருந்த அழுக்குப் பொருள்களால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.

காலிப் இரவு பகலாக உழைத்துச் சாற்றைத் தூய்மையாக்கினார். ஜனவரி 23-இல் மீண்டும் ஊசி. இம்முறை ஒரே நாளில் சிறுவனின் இரத்தச் சர்க்கரை 520-இலிருந்து 120-க்கு இறங்கியது. அவன் முகத்தில் தெளிவு வந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

இந்த இரண்டு ஊசிகளுக்கும் இடையில் இருந்த பன்னிரண்டு நாட்களை நான் அடிக்கடி நினைக்கிறேன். மருந்து கண்டுபிடிப்பது ஒரு பாதி. அதைத் தீங்கில்லாமல், சரியான அளவில் உடலுக்குள் சேர்ப்பது மறு பாதி.

எலிசபெத்தின் கதை

அமெரிக்க அமைச்சர் சார்லஸ் ஹியூஸின் மகள் எலிசபெத். 11 வயதில் நோய் கண்டது. டாக்டர் ஆலனின் பட்டினி வைத்தியத்தில் மூன்று ஆண்டுகள் கழித்தாள். 1922 ஆகஸ்டில் பேண்டிங்கிடம் வந்தபோது, 15 வயது நிறைய மூன்று நாள் இருந்தது. அப்போது அவள் எடை சுமார் 20 கிலோ. என் வயதுடைய ஒரு பெண்ணின் எடை அது!

பேண்டிங் இன்சுலின் ஊசியைத் தொடங்கினார். சில மாதங்களில் அவள் உடல் தேறி, வீடு திரும்பினாள். பிற்காலத்தில் கல்லூரியில் படித்தார், மணம் புரிந்தார், மூன்று மக்களுக்குத் தாயானார். 1981-இல் தம் 73-ஆம் வயதில் மறைந்தார். வாழ்நாளில் அவர் ஏற்ற ஊசிகள் சுமார் 42,000. ஆனால் தமக்கு இந்நோய் இருப்பதை நெருங்கிய சிலரைத் தவிர எவரிடமும் அவர் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய குடும்பத்தில் பிறந்தவரே நோயை மறைத்து வாழ்ந்தார் என்றால், அந்நாளில் மற்றவர்களின் நிலை எப்படியிருந்திருக்கும்!

ஒரு டாலர்

இன்சுலினுக்கு உரிமை கொண்டாடியிருந்தால் பேண்டிங் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். அவரும் பெஸ்ட்டும் காலிப்பும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர். எவரும் தனியாகக் கைப்பற்றி விலை ஏற்றிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

1923-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லவுட்டுக்கும் கிடைத்தது. அப்போது பேண்டிங்குக்கு வயது 32 தான். மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக இளையவர். பெஸ்ட் விடுபட்டதில் சினமுற்ற அவர், தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லவுட்டும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். பேண்டிங்கும் மெக்லவுட்டும் ஒருவரையொருவர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்பது வருந்தத்தக்கதே. பேண்டிங் முன்கோபி, மனக்கசப்பை எளிதில் மறவாதவர். அவர் தேவதூதர் அல்லர். நம்மைப் போன்ற மனிதர்தான். ருமேனிய அறிஞர் பவுலெஸ்கு இதே காலத்தில் கணையச் சாற்றை நாய்களுக்குச் செலுத்தி வெற்றி கண்டிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இறுதி நாட்கள்

புகழ் வந்த பின்னும் பேண்டிங் ஓய்ந்திருக்கவில்லை. புற்றுநோய் பற்றியும், கல்தூசியால் நுரையீரலுக்கு வரும் நோய் பற்றியும் ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டினார். 1927-இல் ஓவிய நண்பர் ஜாக்சனுடன் வடதுருவப் பகுதிக்கே சென்று பனிக்காட்சிகளை வரைந்தார். 1934-இல் சர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் உடல்நலம் குறித்த ஆராய்ச்சிக்குத் துணைநின்றார். அப்பணிக்காக இங்கிலாந்து செல்லும் வழியில், நியூபவுண்ட்லாந்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. 1941 பிப்ரவரி 21-இல் தம் 49-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அந்த இரவில் அவர் குறிப்பு எழுதிய வீடு இன்று நினைவு இல்லமாக உள்ளது. அங்கே 1989-இல் ஒரு சுடர் ஏற்றப்பட்டது. நீரிழிவை அடியோடு நீக்கும் மருந்து கண்டுபிடிக்கப்படும் நாளில்தான் அதை அணைப்பார்கள். இன்சுலின் நோயை நீக்குவதில்லை. நோயாளியை வாழ வைக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு பெரிது!

ஊசி இல்லாத இன்சுலின் வருமா?

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதையும் பருப்பைப் போலச் செரித்துவிடும். ஆகவேதான் ஊசி. பேண்டிங் காலத்துக் கண்ணாடி ஊசிகளைக் கொதிநீரில் இட்டு, முனையைத் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தினர். பின்னர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய ஊசிகள் வந்தன. பேனா வடிவ ஊசிகள் வந்தன. மாடு, பன்றிகளின் கணையத்துக்குப் பதிலாக, நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் 1982-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. சென்னையில் பேராசிரியர் விசுவநாதன் 1954-இல் இராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, பிற்காலத்தில் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனையாக வளர்ந்து புகழ்பெற்றது.

ஊசிக்குப் பதில் மூச்சின் வழியே இன்சுலினைச் செலுத்தும் முயற்சி பேண்டிங் உயிரோடு இருந்த 1920-களிலேயே ஜெர்மனியில் நடந்தது. நுரையீரலின் நுண்ணறைகளில் இரத்த நாளங்கள் மிக நெருக்கமாக இருப்பதால், பொடியாக இழுத்தால் மருந்து விரைவில் இரத்தத்தில் கலக்கும். 2006-இல் ஃபைசர் நிறுவனத்தின் எக்சுபெரா வந்தது. கருவி பெரிது, விலை அதிகம், வாங்கியவர் குறைவு. 2007 அக்டோபரில் அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. பின்னர் 2014-இல் அமெரிக்காவில் அஃப்ரெசா என்ற பொடி அனுமதி பெற்றது. அதன் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். 2024 டிசம்பரில் இந்தியாவில் அதைக் கொண்டுவர சிப்லா நிறுவனம் அனுமதி பெற்றது.

இச்செய்தி எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய பேச்சை உண்டாக்கியது. என் சித்தப்பா மகளுக்கு வயது 12. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் இளைத்துப் போனபோது பூச்சித் தொல்லை என்றே எல்லாரும் எண்ணினோம். மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இப்போது நாள்தோறும் நான்கு ஊசி. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சித்தி மருந்துக் குப்பியைப் பாதுகாக்கிறார்கள். பொடி வந்துவிட்டது என்று கேட்டதும் அப்பத்தா, இனிப் பிள்ளையைக் குத்த வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்கள். சித்தப்பா நகையை அடகு வைத்தாவது வாங்கலாம் என்றார். படிக்கிற பிள்ளை நீ பார்த்துச் சொல் என்று சித்தி என்னிடம் ஒப்படைத்தார்கள். அறிவியல் ஆசிரியையின் உதவியோடு படித்தேன். பேண்டிங்கின் வாழ்விலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி, லியோனார்டின் முதல் ஊசி கற்றுத்தந்தது: தீங்கில்லாததா? பொடியால் சிலருக்கு இருமல் வரும். ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் திடீரென இறுகிவிடும் ஆபத்து உண்டு. அவர்களும் புகைப்பவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது. தொடங்குமுன்னும், ஆறு மாதம் கழித்தும், பிறகு ஆண்டுதோறும் நுரையீரல் திறனைச் சோதிக்க வேண்டும். 2024-இல் இங்கே கிடைத்த அனுமதி பெரியவர்களுக்கு மட்டுமே.

இரண்டாவது, காலிப்பின் உழைப்பு கற்றுத்தந்தது: அளவு சரியாக அமையுமா? பொடி 4, 8, 12 அலகு என்ற படிகளில்தான் வருகிறது. இரண்டு இட்லிக்கு மூன்று அலகோ, மூன்றரை அலகோ போட வேண்டிய சிறுமிக்கு இது பெரிய படி. மறுபுறம் இதில் நன்மையும் உண்டு. உணவு வேளையில் இழுத்தால் வெகு விரைவில் வேலை செய்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உணவுக்கு முன் போடும் மூன்று ஊசிகள் குறையும். ஆனால் நாள் முழுதும் மெல்ல வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினை ஊசியாகத்தான் போட வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் தொடரும். ஆகவே முதல் வகை நோயாளிக்கு ஊசி குறையுமே அன்றி ஒழியாது.

மூன்றாவது, அந்த ஒரு டாலர் கற்றுத்தந்தது: எல்லாருக்கும் எட்டுமா? இன்சுலின் ஊசி மருந்தை நம் அரசு மருத்துவமனைகளில் விலையின்றித் தருகிறார்கள். பொடிக்கு அந்த வழி அமையவில்லை. மேலும் உறை பிரிக்காத பொடியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே 10 நாளும், பிரித்தபின் 3 நாளும்தான் வைத்திருக்கலாம். அதுவும் மிதமான வெப்பத்தில். நம் ஊர்ச் சித்திரை வெயில் மிதமானதா?

இவற்றை எழுதிக் காட்டினேன். பிறகு சித்தி மருத்துவரிடம் கேட்டார்கள். இவள் வயதுக்கு இப்போது ஊசியே ஏற்றது, பெரியவளானபின் நுரையீரலைச் சோதித்து முடிவு செய்யலாம் என்றார் அவர். அப்பத்தாவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பொடி வரட்டும் என்று ஊசியை ஒரு நாள் நிறுத்தியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர் விளக்கியபோது அப்பத்தாவும் வாயடைத்துப் போனார்கள். அன்று முதல் காலை ஊசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்வது அப்பத்தாதான்.

எனக்கு விளங்கியது இதுதான். இன்சுலின் எந்த வழியில் போகிறது என்பது இரண்டாவது. ஒரு நாளும் தவறாமல் போகிறதா என்பதே முதலாவது. ஊசிக்கு அஞ்சும் பெரியவர் ஒருவருக்கு, நல்ல நுரையீரலும் வாங்கும் வசதியும் இருந்தால், பொடி பெரிய ஆறுதலாக இருக்கலாம். அதைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் புதியது என்பதாலேயே எல்லாருக்கும் நல்லது என்று ஓடிவிடக் கூடாது. பழையது என்பதாலேயே ஊசியை வெறுக்கவும் கூடாது. எலிசபெத்தை 73 வயதுவரை வாழ வைத்தது அந்த ஊசிதான்.

அன்புத் தோழிகளே! அடிக்கடி தண்ணீர் குடித்தும் சிறுநீர் கழித்தும், நன்றாக உண்டும் இளைத்தும் வரும் தங்கையோ தோழியோ இருந்தால், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். மயங்கி விழும்வரை காத்திருக்க வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவி வகுப்பில் கை நடுங்கி வியர்த்தால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று அறிந்து, அவள் விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரையோ குளுக்கோசோ கொடுத்து, ஆசிரியையை அழையுங்கள். அவள் ஊசி போட்டுக்கொள்வதை வேடிக்கை பார்க்காதீர்கள். என் தங்கையிடம் ஊசி வலிக்கிறதா என்று கேட்டேன். ஊசி பழகிவிட்டதாம், மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பதுதான் இன்னும் பழகவில்லையாம். இந்த வலிக்கு மருந்து கொடுக்க நாம் மருத்துவராக வேண்டியதில்லை.